கூண்டில் தீனி இருந்தும் பட்டினி

பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், தரையிலுள்ள பூச்சி புழுக்களை அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி நரகத்திற்குரியவளானாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்திதான் அது. ஆயினும் அதில் இரண்டு குற்றங்கள் சுட்டப்பட்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. உணவளிக்காதது ஒன்று, தானே தேடிக்கொள்ளும் வழியை அடைத்தது மற்றொன்று.

அண்மையில் என் தம்பி மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவளுடைய ஒன்பது வயது மகளுக்காக ஒரு கினிப்பன்றியை வாங்கி வளர்க்கின்றனர். பெயரைக் கேட்டு எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பன்றி இனத்திற்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டைத் தாயகமாகக் கொண்ட, எலியைப் போன்று கொறிக்கும் பிராணி அது. கிண்ணம் நிறையத் தீனி இருந்தது. அப்பிராணியோ ஆவலுடன் ஓடிவரும். ஒரு துண்டைக் கவ்வும். மெல்ல மாட்டாமல் கீழே போட்டுவிட்டு மூலையில் ஒடுங்கும். அதன் மோவாய் உமிழ்நீரில் நனைந்திருந்தது.

“நாங்கள் வேளை தவறாமல் வைக்கிறோம், பெரியத்தா. அதுதான் தின்ன மறுக்கிறது” என்றாள் என் மகள்.

மறுக்கவில்லை, இயலவில்லை. கினிப்பன்றிக்குப் பற்கள் இருபது. அவை அனைத்தும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நாள் முழுதும் புல்லை அரைத்துக்கொண்டிருந்தால்தான் வளர்ச்சிக்கு ஈடாகத் தேயும். நாமோ கடையில் விற்கும் தானியத்தையும் உருட்டுத் தீனியையும் வைக்கிறோம். அவை நான்கு மெல்லில் கரைந்துவிடும். தேயாத கடைவாய்ப் பற்கள் கூர்முனையாகி நாவையும் கன்னத்தையும் கிழிக்கின்றன. கீழ்ப்பற்கள் இருபுறமிருந்தும் உட்பக்கமாகச் சாய்ந்து, நாவின் மீது பாலம் போட்டாற்போல் அதனை அழுத்திவிடுவதும் உண்டு. வெளியே தெரியும் முன்பற்களை மட்டும் பார்த்து நோயில்லை என்று முடிவு செய்வோர் ஏமாறுவர்.

மற்றொரு காரணமும் உண்டு. மனிதனைப் போலவே இப்பிராணியும் வைட்டமின் ‘சி’ சத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாதது. அச்சத்துக் குறைந்தால் ஈறு தளர்ந்து பற்கள் நிலைகுலையும். நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இரு அறிஞர்கள் 1907 ஆம் ஆண்டு, தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் காண்பதை வெளிப்படுத்தினர். மனிதரின் அந்நோயை நாம் விளங்கிக்கொள்ள வழிவகுத்த பிராணிக்கு, நூறாண்டு கடந்தும் அதே தானியத்தைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறோம்!

மலைச்சரிவில் திரிந்திருந்தால் அது தனக்குரிய புல்லைத் தானே தேடியிருக்கும். கூண்டிலிட்டவர்கள் நாம். ஆகவே, கிண்ணத்தை நிரப்பியதோடு பொறுப்பு முடிந்தது என வாதிட நமக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

மருத்துவரிடம் கொண்டு செல்லுமாறு கூறியபோது, அவ்வீட்டு மருமகன் தயங்கினார். “வாங்கிய விலையைக் காட்டிலும் வைத்தியச் செலவு பன்மடங்காகுமே?” என்றார். உண்மைதான். ஆனால் விலை என்பது கடைக்காரருக்கு நாம் கொடுத்தது; பசி அந்தப் பிராணியுடையது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. செலவிட வசதியில்லாதோர் வாங்காதிருக்கலாம், அதில் குறையொன்றுமில்லை. வாங்கியபின் கணக்குப் பார்ப்பதுதான் பிழை. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்த பெருமானார் (ஸல்) அவர்கள், அதனைப் பட்டினி போட்டதற்காக உரிமையாளரைக் கண்டித்தார்கள். ஒட்டகத்தின் விலையை அங்கு எவரும் பேசவில்லை.

சிறு பிராணிகளின் வைத்தியம் அறிந்த மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சீராக்கினார்; வலிக்கும் மருந்தளித்தார். வீட்டிலேயே நகவெட்டியால் பல்லை நறுக்குவோர் உண்டாம். பல் பிளந்துபோகும் என்று அவர் எச்சரித்தார். நாம் உட்கொள்ளும் அமாக்ஸிசிலின் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தால் அதன் குடல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் வாசகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அதன்பின்தான் உண்மையான உழைப்பு தொடங்கிற்று. பல்லைச் சீராக்கியவுடன் அது தின்றுவிடுவதில்லை. வாய்ப்புண் ஆற வேண்டும், தாடை மெல்லப் பழக வேண்டும். அரைநாள் வயிறு காலியாயிருந்தாலே குடலின் இயக்கம் தளரத் தொடங்கும். எனவே உருட்டுத் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியபின், ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டினர். நேராகத் தொண்டைக்குள் செலுத்தினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒவ்வொரு வாயையும் அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரவிலும் எழுந்து ஊட்டியவர், செலவை எண்ணித் தயங்கிய அதே மருமகன்தான். சத்துக்காக மருத்துவர் குறித்த அளவில் வைட்டமின் மருந்தும், பின்னர் கொய்யாத் துண்டும் கொடுத்தனர்.

சிறுமியின் பொறுப்பு, நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் அதனை நிறுத்து எடையைக் குறித்துவைப்பது. முதல் நான்கு நாட்கள் எடை குறைந்தது. ஐந்தாம் நாள் அப்படியே நின்றது. ஒன்பதாம் நாள், கூண்டிலிட்ட அருகம்புல்லில் ஒரு தாளை இழுத்து அது மெல்லத் தொடங்கியதாம். பள்ளிக்கூடத்திற்குப் புறப்பட்ட பிள்ளை, அந்த ஓசையைக் கேட்டு வாசலிலிருந்து திரும்பி ஓடிவந்தாளாம்.

இத்தகைய பல் மீண்டும் வளைந்து வளரக்கூடும். ஆறு வாரம் கழித்துக் கொண்டுவருமாறு மருத்துவர் கூறியுள்ளார். கிண்ணத்திலிருந்த தானியத்தை என் மகள் மாடிப் புறாக்களுக்குப் போட்டுவிட்டாள். இப்போது அக்கூண்டில் பாதிக்குமேல் புல்தான்.