அறுபதில் வருவது பதினாறில் தொடங்குகிறது

கடந்த நோன்பில் ஒரு நாள் சஹருக்கு எழுந்த என் உம்மும்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கையிலிருந்த கோப்பை நழுவி விழுந்தது. சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். நன்றாக விடிந்த பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். பாரிசவாதம் என்றார்கள். நோன்பு என்பதால் பிரஷர் குளிசையை அவர் தானாகவே நிறுத்தியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

பார்க்க வந்தவர்கள், “வயது போனால் வருவதுதானே, அல்லாஹ்வின் நாட்டம்” என்றார்கள். கத்ரை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னது எமது மார்க்கம். 55 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்து வருடத்திலும் பாரிசவாத ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது உண்மைதான். வயதை நாம் மாற்ற முடியாது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், உப்பு, உடலுழைப்பின்மை ஆகியவற்றை மாற்றலாம். இவை இரத்தக் குழாய்களைப் பல வருடங்களாக மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கடமை இருக்கிறது.

முதலில் எனது வயது. பாடசாலையிலும் டியூஷனிலும் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறோம். இடைவேளையில் ரோல்ஸும், சீனி அதிகம் என்று சிவப்புக் குறியீடு இடப்பட்ட பானமும். 17 வயது வரை தினமும் 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். எம்மில் எத்தனை பேர் அசைகிறோம்?

அடுத்து உம்மாவின் வயது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாடு, அச்சாறு, பப்படம், சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். எல்லோரின் சுகத்தையும் பார்க்கும் என் உம்மா, தம்பி பிறந்த பிறகு ஒரு தடவையும் பிரஷர் பார்க்கவில்லை. நான் வற்புறுத்திக் கூட்டிப் போனபோது 150/95 இருந்தது. தலைவலிகூட இல்லை. அதுதான் இந்நோயின் ஆபத்து.

உம்மும்மாவின் வயதில் குளிசையே காவல். நோன்புக்கு முன் வைத்தியரிடம் கேட்டால், பல குளிசைகளின் நேரத்தை இப்தாருக்கும் சஹருக்கும் மாற்றித் தருவார். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான்.

இன்னுமொன்று, முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தை நாம் வீட்டிலேயே கழித்துவிட்டோம்.

“பெண்கள் ரோட்டில் நடந்தால் சனம் என்ன சொல்லும்?” என்று உம்மா தயங்கினார். இப்போது அஸருக்குப் பின் இருவரும் சேர்ந்து அரை மணித்தியாலம் நடக்கிறோம். சனம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்துகொண்டார்.

தோழியரே, இந்த வாரமே உங்கள் உம்மாவைப் பிரஷர் பார்க்கக் கூட்டிப் போங்கள். உம்மும்மாவுக்கு இன்னும் வலது கையால் தஸ்பீஹ் மணியை உருட்ட முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்து உருட்டிக் கொடுக்கிறேன்.