மலையில் இருந்த எங்கள் வீடு

கேமரன் மலையில் பிறந்தவள் என்று சொன்னதும் பல்கலைக்கழகத் தோழிகள் கேட்பது ஸ்ட்ராபெரியைப் பற்றித்தான். பிறகு குளிரைப் பற்றி. அதன் பிறகு, "கொடுத்து வைத்தவள் நீ" என்று ஒரு பெருமூச்சு. மறுக்கவில்லை. பன்னிரண்டு வயது வரை நான் வளர்ந்தது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் ஒட்டுக் குசினி. அந்த வீட்டை நேசித்ததுபோல் இனி எந்த வீட்டையும் நேசிப்பேன் என்று தோன்றவில்லை. அதனால்தான், அத்தகைய வீடுகளைப் பற்றி நாம் பேசுகிற விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே பாட்டி விறகடுப்பை மூட்டிவிடுவார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்; விடியற்காலையில் தகரக் கூரையின் உட்புறம் பனிநீர் கோத்து நிற்கும். வெந்நீர் இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை என்பது நான் இயற்றிய சட்டம்; பாட்டி அதை ஏற்றதே இல்லை. ஆலைப் பக்கமிருந்து காற்று வீசினால், இலை வாடும்போது ஒரு வாசம், உலரும்போது வேறொரு வாசம். உள்ளே என்ன வேலை நடக்கிறதென்று தாத்தா படுத்துக்கொண்டே சொல்லிவிடுவார். வேலியில் படர்ந்த சவ்சவ் கொடி எட்டு வீட்டுக்கும் பொது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் கசாயம் கொதிக்கும்.

2015-இல் நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தேன். அதே ஆண்டில் தாத்தா ஓய்வு பெற்றார். பாட்டி முன்பே நின்றுவிட்டார். அப்பா முதுகுவலியால் ஆலை வேலையை விட்டிருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர் இல்லையென்றால் வீடும் இல்லை. கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், காலி செய்யவேண்டிய நாளும் அதில் இருந்தது. ஈப்போவில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு வாடகைக்குப் போனோம். நான் அங்கேயே தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தேன்.

நமது கலை இரவுகளில் தோட்டத்து வீடு வராத ஆண்டு இல்லை. நாடகத்தில் லயம், கவிதையில் லயம், மேடையில் அட்டையால் செய்த தகரக் கூரை. அன்போடுதான் செய்கிறோம். ஆனால் ஏன் காலி செய்தோம் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. மழை நின்றதைச் சொல்வதுபோல, 'தோட்டம் போய்விட்டது' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம்.

"வாடகையா கொடுத்தீர்கள்? சும்மாதானே இருந்தீர்கள்?" என்று முன்னாள் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். வீடு கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம் என்று சொல்லித்தானே சம்பளம் குறைவாக இருந்தது? அப்படியானால் வீடு சம்பளத்தின் ஒரு பகுதி. பாட்டி அந்த வாடகையைக் கொழுந்தாகவே நிறுத்துக் கொடுத்திருக்கிறார். குறைந்த சம்பளத்துக்குச் சேமநிதியும் குறைவு. வீடு மிகவும் தேவைப்படும் வயதில், வேலையோடு சேர்ந்து வீடும் போகிறது. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கு 1990-இலேயே சட்டம் வந்தது. கூரை, தண்ணீர், கழிப்பறை பற்றியெல்லாம் அது பேசுகிறது. வீட்டுரிமையை அது தருவதில்லை.

தோட்டத் தொழிலாளி நிலம் வாங்க முடியும் என்று நம்பிய காலமும் இருந்தது. முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாளில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர்கள் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் 1967-இல் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கப் பட்டு வணிகர் கேமரன் மலையில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போய்க் காணாமல் போன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பங்களாவுக்கு 'மூன்லைட்' என்று பெயர்கூட உண்டு. எங்கள் வீட்டுக்கு எண் மட்டும்தான்.

அப்பாவுக்கு இந்தக் கட்டுரை பிடிக்காது. "சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லாதேம்மா" என்பார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோறு போட்டது தாத்தாவும் பாட்டியும்.

போன ஆண்டு அங்கே போயிருந்தேன். எங்கள் வீட்டில் இப்போது நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். சவ்சவ் கொடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்கிறார்கள்; நாங்கள் காயை மட்டுமே சாப்பிட்டோம். ஒப்பந்தம் முடிந்தால் அவர்களும் இறங்க வேண்டியதுதான். அடுத்த வரிசையில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஓய்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளே உள்ளவர்கள். மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டேன். ஓர் அக்கா, "பாரம் மலாய்ல இருக்கும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்னு வெச்சிட்டேன்" என்றார்.

ஆண்டுதோறும் நாம் தோட்டங்களில் கல்வி முகாம் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில், பெற்றோர் வெளியே பெஞ்சில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்துறை மாணவர் இருவரும் மலாய் நன்றாக எழுதக்கூடிய நான்கு பேரும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், ஒரு பிற்பகலில் லயத்தின் அத்தனை விண்ணப்பங்களையும் நிரப்பிவிடலாம். அடுத்த முகாம் கேமரன் மலையில் என்றால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.