யூதத் தோழர்கள் நமக்குச் சான்றிதழ் அல்லர்

இஸ்ரேலின் உற்ற நண்பர்கள் எனத் தம்மைப் பறைசாற்றிக்கொள்ளும் ஆட்சியாளர்கள், ஓர் இஸ்ரேலியர் எடுத்த திரைப்படத்தைக் கண்டு அஞ்சுவானேன்?

திருவனந்தபுரத்தில் 2025 டிசம்பரில் நடைபெற்ற 30ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் 19 படங்களுக்குத் தணிக்கை விலக்கு அளிக்க ஒன்றிய அரசு முதலில் மறுத்தது. ஐசன்ஸ்டைன் நூறாண்டுகளுக்கு முன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ அப்பட்டியலில் இருந்ததைக் கண்டு கலையுலகம் எள்ளி நகையாடியது. ‘பாலஸ்தீன் 36’ தடுக்கப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் நதாவ் லாபித் இயக்கிய ‘யெஸ்’ என்ற படமும் அப்பட்டியலில் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. லாபித் டெல் அவிவில் பிறந்த யூதர். இஸ்ரேலிய இராணுவத்தில் பணியாற்றியவர். காஸா எரிந்துகொண்டிருக்கையில் புதிய தேசியப் பாடலொன்றுக்கு இசையமைக்க உடன்படும் கலைஞன் ஒருவனின் கதையே அப்படம். எதிர்ப்பு வலுத்தபின் பெரும்பாலான படங்களுக்கு அனுமதி வந்தது, எல்லாவற்றிற்கும் வரவில்லை.

இதே லாபித்தான் 2022 நவம்பரில் கோவா திரைப்பட விழாவின் நடுவர் குழுத் தலைவராக இருந்து, ‘தி காஷ்மீர் பைல்ஸ்’ தரக்குறைவான பிரச்சாரப் படம் என்று அமைச்சர்கள் அமர்ந்திருந்த மேடையிலேயே கூறியவர். மறுநாளே, வெட்கப்பட வேண்டும் என்று அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் யார்? இந்தியாவுக்கான இஸ்ரேல் தூதர். தன் குடிமகனைக் கைவிட்டு அயல்நாட்டு ஆளுங்கட்சியின் பக்கம் நின்றது டெல் அவிவின் தூதரகம். வர்க்க நலன் இனப்பாசத்தினும் வலிது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

கோல்வால்கர் பெயரில் 1939இல் வெளிவந்த நூல், ஜெர்மனி யூதர்களைக் களையெடுத்ததை இந்துஸ்தானத்திற்குரிய படிப்பினையாகக் காட்டியது. அந்த மரபில் வந்தோரே இன்று இஸ்ரேலுக்கு ஆரத்தி எடுக்கின்றனர். அவர்கள் நேசிப்பது யூத மக்களை அன்று. சிறுபான்மையினரை அடக்கி ஆளும் அரசை.

‘தன்னினத் துரோகி’ எனும் பட்டம்

இஸ்ரேலை விமர்சிக்கும் யூதர் எவராயினும் அவர்மேல் ‘தன்னினத்தை வெறுப்பவர்’ என்ற பட்டம் சூட்டப்படுகிறது. இவ்விமர்சனம் நேற்று முளைத்ததன்று. பாசல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடிய அதே 1897இல்தான், யூதத் தொழிலாளர்களின் ‘பண்டு’ அமைப்பு வில்னாவில் தோன்றியது. வேற்று நிலம் தேடாமல், வாழும் மண்ணிலேயே உரிமைக்குப் போராடுவோம் என்பது அதன் நிலை. அமைப்புப் பிரச்சினையில் பண்டோடு கடுமையாக மோதிய லெனின்தான், 1919இல் யூதப் படுகொலைகளைக் கண்டித்து இசைத்தட்டில் உரை பதிவு செய்தார். உழைப்பாளரின் பகைவர் யூதர் அல்லர், எல்லா நாட்டு முதலாளிகளுமே என்பது அவ்வுரையின் சாரம்.

நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை அறியாதார் இலர். அந்த மாண்டேகு பிரிட்டிஷ் அரசின் யூத அமைச்சர் என்பதையும், பால்ஃபர் பிரகடனத்தை எதிர்த்து 1917 ஆகஸ்டில் தம் அரசுக்கே குறிப்பாணை எழுதினார் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்? யூதர்க்குத் தனி நாடு என்பது, அவர்கள் வாழும் நாடுகளிலெல்லாம் அவர்களை அந்நியராக்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். அவர் நம் தோழர் அல்லர், பேரரசின் ஊழியர். ஆயினும் அவர் கண்ட ஆபத்து மெய்யானது.

1948 டிசம்பரில் ஐன்ஸ்டைனும் ஹன்னா ஆரெண்டும் உள்ளிட்ட யூத அறிஞர்கள், டெய்ர் யாசின் படுகொலையைச் சுட்டி, மெனாகெம் பெகினின் கட்சியை பாசிசக் கட்சிகளோடு ஒப்பிட்டு நியூயார்க் டைம்ஸ் நாளேட்டுக்குக் கடிதம் எழுதினர். பெகின் பின்னாளில் பிரதமரானார். அவர் வழிவந்த லிக்குட் கட்சியின் தலைவரே நெதன்யாகு.

நம் பக்கத்துப் பிழைகள்

பகைவரைச் சாடுவது எளிது. நம்மிடையே நிலவும் இரு பிழைகளையும் பேசியாக வேண்டும்.

முதற்பிழை, யூத விமர்சகரைச் சான்றிதழாகத் தூக்கிப் பிடிப்பது. “யூதரே சொல்லிவிட்டார், இனி மறுப்பேது?” என்று மேடையில் முழங்குகிறோம். சொல்பவரின் பிறப்பால் ஒரு கூற்று உண்மையாகுமெனில், இஸ்ரேலை ஆதரிக்கும் யூதர்களின் எண்ணிக்கையை எதிரி அடுக்கும்போது என் செய்வோம்? அதனினும் கொடியது ஒன்றுண்டு. காஸாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் சாட்சியம், ஒரு யூதரின் கையொப்பம் பெற்ற பின்னரே செல்லுபடியாகும் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அவள் கண்ணீருக்குப் பிணை வேண்டியதில்லை.

இரண்டாம் பிழை இதற்கு நேரெதிரானது: “இஸ்ரேலியர் அனைவரும் ஒன்றே” என்பது. 2004இல் தொடங்கிய பாலஸ்தீனக் கல்வி, பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கமே, தன் புறக்கணிப்பு நிறுவனங்கள் மீதானது, பிறப்பையோ கருத்தையோ வைத்துத் தனிமனிதர் மீதானதன்று என வரையறுத்துள்ளது. பாலஸ்தீனர் வகுத்த எல்லையை அவர்கள் பெயரால் நாம் தாண்டலாமா? இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் ஹதாஷ் அணியின் யூத உறுப்பினர் ஓஃபர் காசிஃப், சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கை ஆதரித்துக் கையொப்பமிட்டார். அவரைப் பதவிநீக்கம் செய்யும் தீர்மானத்துக்கு 90 வாக்குகள் தேவைப்பட்டன. 2024 பிப்ரவரியில் 85 வாக்குகள் கிடைத்தன. ஐந்து வாக்கில் தப்பிய அத்தோழரையும் நெதன்யாகுவையும் ஒரே சொல்லில் அடைப்பது மார்க்சியமாகாது.

‘யூத இனவெறி’ என்ற சொல்

சொல் என்றேன், அதுவே என் தொழில். பல்லாண்டுகளாகக் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கி வருகிறேன். ‘சியோனிச’ என்று மூலத்தில் இருந்த இடங்களில் ‘யூத இனவெறி’ என்று எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. ‘சியோனிசம்’ வாசகருக்குப் புரியாது, ‘யூத’ என்றால் சட்டெனப் புரியும் என்பது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். இன்று அதை ஏற்க இயலவில்லை.

இந்துத்துவா வேறு, இந்து மக்கள் வேறு என்று விளக்க நாம் எத்தனை மேடை ஏறினோம்? சிங்களப் பேரினவாதத்தைச் சாடுகையில் சிங்கள உழைப்பாளியைப் பகைவராக்கலாகாது என்று எத்தனை தீர்மானம் இயற்றினோம்? ‘இஸ்லாமிய பயங்கரவாதம்’ என்று ஏடுகள் எழுதும்போது எவ்வளவு சினந்தோம்? அந்த நேர்மை யூதர் விஷயத்தில் மட்டும் ஏன் தளர வேண்டும்? குழந்தைகள் மடியும்போது இலக்கணம் பார்ப்பதா என்று சில தோழர்கள் கேட்பர். இஃது இலக்கணமன்று, அரசியல். இஸ்ரேல் அரசும் யூத இனமும் ஒன்றே என்பது நெதன்யாகுவின் வாதம். அச்சமன்பாட்டை நம் ஏட்டிலேயே அச்சிட்டு, நாமே அவருக்கு ஆயுதம் அளிக்கிறோம்.

பிரிட்டனில் அந்த ஆயுதம் என்ன செய்தது என்பதைக் கண்டோம். டெல் அவிவில் பிறந்த யூத சோசலிஸ்ட் மோஷே மகோவர், யூத எதிர்ப்புக் குற்றச்சாட்டோடு தொடங்கிய நடவடிக்கையில் 2017 அக்டோபரில் தொழிற்கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னரே அந்நீக்கம் திரும்பப் பெறப்பட்டது.

செப்பேடு உரைப்பது

2017 ஜூலையில் இஸ்ரேல் சென்ற மோடி, கொச்சி யூதர் செப்பேட்டின் படியொன்றை நெதன்யாகுவுக்குப் பரிசளித்தார். சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் சாசனம் அது. தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து ஆவணம். தமக்கென ஓர் அரசின்றியே ஆயிரம் ஆண்டுகள் யூதர் இம்மண்ணில் மதிப்போடு வாழ்ந்தனர் என்பதே அதன் சாட்சியம். சியோனிசத்துக்கு அதனினும் பெரிய மறுப்பில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் அதைப் படிக்கவில்லை போலும்!

அச்சமூகமும் ஒருமுகமானதன்று. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதக் கோயிலுக்குள்ளேயே நிறமும் பிறப்பும் பார்த்து ஒதுக்கப்பட்டோர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அக்கோயிலுக்குள் சத்தியாகிரகம் நடத்தினார். பின்னாளில் கொச்சி யூதரின் இஸ்ரேல் குடியேற்றத்திற்காக உழைத்தவரும் அவரே. ஒரு மனிதருக்குள்ளேயே இத்தனை முரண் எனில், ஓர் இனத்தை ஒற்றைச் சொல்லால் அளப்பது எவ்வாறு?

ஆகவே தோழர்களே, ‘யூத இனவெறி’ என்ற தொடர் நம் ஏடுகளிலும் முழக்கத் தட்டிகளிலும் இனி இடம்பெற வேண்டாம். ‘சியோனிச இனவெறி’ என்று எழுதுவோம், புரியாதவர்க்கு விளக்குவோம், விளக்குவதுதானே நம் பணி? காசிஃபையும் லாபித்தையும் அவர்களின் பிறப்புக்காகக் கொண்டாடாமல், அவர்கள் எடுத்த நிலைக்காக அவர்களோடு நிற்போம். பாலஸ்தீன விடுதலை அவர்களுக்கும் நமக்கும் பொதுக் கடமை.