பெயரை மறைத்தால் பிணம் மறையுமா?

பஞ்சம் என்றால் என்னவென்று இருக்கன்குடி மக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற ஊர்தான். ஆயினும் ஆற்றில் நீரைக் காணும் நாளினும் மணலைக் காணும் நாளே மிகுதி. 1876இல் தொடங்கிய பெருங்கொடுமையைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று ஆண்டின் பெயரிட்டே நினைவில் வைத்தது தமிழகம். பாமரன் தன் துயருக்குப் பெயர் வைத்தான். அந்தப் பெயரை உச்சரிக்க அஞ்சியவர் யார்? ஆண்டவர்கள்!

1943ஆம் ஆண்டின் வங்காளத்தைப் பாருங்கள். உலகப்போர் உச்சத்திலிருந்த காலம். பர்மா ஜப்பானியர் கையில். அரிசி விலை ஏறியது. ஏழையின் அடுப்பு அணைந்தது. கல்கத்தா வீதிகளில் மக்கள் சுருண்டு விழுந்து மாண்டனர். அவர்களுக்கு அதிகாரிகள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘நோயுற்ற ஆதரவற்றோர்’! பத்திரிகைச் செய்திகளிலும் அதுவே நடமாடியது. சோறின்றிச் செத்தவன் நோயாளியாம்!

ஏன் இந்தச் சொல்ஜாலம்? பஞ்சம் என்று அறிவித்தால் பஞ்ச நிவாரண விதிகள் உயிர்பெறும். ‘வேலை கொடு, படி அளந்து கொடு’ என்று ஆள்வோரை அவை நெருக்கும். விதித்த அளவு கொடுக்க உணவில்லை, ஆகவே அவ்விதிகளை அமுலாக்கவில்லை என்று வங்காள கவர்னர் ரூதர்போர்டு அக்டோபரில் வைசிராய்க்கே எழுதினார். அறிந்தே ஒளித்த சொல் அது!

‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், பட்டினியால் வீழ்ந்தோரின் படங்களை ஆகஸ்டு 22இல் அச்சிட்டார். தணிக்கை மறைத்ததை அப்படங்கள் உரைத்தன. மாண்டவர் 15 இலட்சம் என்றது 1945இல் விசாரணைக் குழு; 30 இலட்சம் வரை என்பர் பிற்கால ஆய்வாளர்.

பழங்கதை என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள்! நேர்த்திக்கடனுக்காகச் சாத்தூர் வழியே இருக்கன்குடிக்கு நடப்போரே, இவ்வட்டாரத்தின் பட்டாசுக் கொட்டகைகளை எண்ணிப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் மாண்டவர் 38 பேருக்குக் குறையாது. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இரண்டுக்கும் ஏடுகள் எழுதிய சொல் ‘விபத்து’!

வானிலிருந்து இடி விழுந்தால் அது விபத்து. விதிக்கு மேல் ஆட்களை அறையில் அடைத்து, விதிக்கு மேல் மருந்தைக் குவித்து, உரிமம் பெற்ற ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, அதன் பயனாய் வெடித்தால் அதற்கும் அதே சொல்லா? விபத்து என்றால் இரங்கற் செய்தியும் உதவித்தொகையும் போதும். குற்றம் என்றால் கூண்டில் ஒருவன் நிற்க வேண்டும். அன்று ‘பஞ்சம்’ என்னும் சொல்லை மறைத்ததும், இன்று ‘விபத்து’ என்னும் சொல்லைப் பரப்புவதும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே!

எந்த ஏடானாலும், இந்த ஏடேயானாலும், ‘விபத்து’ என்று கண்டால் கேளுங்கள்: அறையில் எத்தனை பேர் இருந்தனர்? எவ்வளவு மருந்து இருந்தது? உரிமம் யார் பெயரில்? விடை வரும்வரை அச்சொல்லை ஏற்காதீர்கள்!