லிப்தோவின் பாற்கட்டியும் மரபின் தூய்மையும்

ஈழத்து இலக்கிய உலகில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபு பற்றிய வாதம் இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. மரபு என்பது கலப்பற்றது என்றும், பிறிதொன்று கலந்தவுடனே அது கெட்டொழிந்தது என்றும் கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்றைச் சோதிப்பதற்கு எளியதோர் உணவுப் பண்டத்தை உரைகல்லாகக் கொள்ள விரும்புகிறேன். மத்திய ஐரோப்பிய மக்கள் பாணிற் பூசி உண்ணும் 'லிப்டௌவர்' என்னும் பாற்கட்டிக் கலவையே அது.

இன்றைய சிலோவாக்கியாவின் வடபாலுள்ள மலைநாடு லிப்தோவ். 1918 வரை அது ஹங்கேரி இராச்சியத்துள் அடங்கியிருந்தது. 'லிப்தோவைச் சார்ந்தது' என்பதே ஜெர்மானிய மொழியில் இப்பண்டப் பெயரின் பொருள். இதற்கு அடிப்படை 'பிரிந்த்சா' என்னும் மென்மையான செம்மறிப் பாற்கட்டி. மலைமேய்ச்சலில் இடையர் பாலைத் திரைத்துக் கட்டியாக்கிப் புளிக்கவிடுவர். பின்னர் அது உப்பிட்டு அரைக்கப்படும். 1787இல் தெத்வா என்னும் ஊரில் இதற்கெனத் தொழிற்சாலையும் தோன்றிவிட்டது. பிரிந்த்சாவுடன் வெண்ணெய், வெங்காயம், கடுகு, சீரகத்தையொத்த ஒரு விதை, சிவந்த மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பிசைந்தால் லிப்டௌவர் கிடைக்கும்.

இனி இதன் 'தூய்மை'யை நோக்குவோம். 'பிரிந்த்சா' என்ற சொல், கார்பாத்திய மலைத்தொடர் வழியே மந்தைகளோடு வந்த வலாக்கிய இடையரின் ருமேனிய மொழிச் சொல். அதன் செந்நிறத்துக்குக் காரணமான மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1492இன் பின்னரே ஐரோப்பாவை எட்டி, துருக்கியர் வழியாக ஹங்கேரியிற் பரவியது. பண்டத்துக்குப் புகழ் தேடித் தந்தவையோ வியன்னாவின் திராட்சை மதுச்சாலைகள். உழவர் தம் மதுவைத் தாமே விற்கலாமென 1784இல் இரண்டாம் யோசேப்பு மன்னர் பிறப்பித்த ஆணையால் வளர்ந்தவை அவை. இவ்வளவு கலப்பிருந்தும், இதனை மரபற்ற பண்டமென்று எவரேனும் கூறுவரோ?

நம் சமையலறையும் இதற்குச் சான்று. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த மிளகாயின்றி யாழ்ப்பாணத்துக் கறியை இன்று எண்ணிப் பார்த்தல் இயலாது. மிளகை அறிந்த நம் முன்னோர் புதியதற்கு 'மிளகாய்' என்று பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர்.

அவ்வாறாயின் எம்மாற்றமும் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகாது என்பதே என் கருத்து. வியன்னாவில் இன்று பெரும்பாலும் பசுப்பாற் தயிர்க்கட்டியைக் கொண்டே லிப்டௌவர் செய்யப்படுகிறது. மிளகாய் வந்து சேர்ந்தபோது லிப்தோவ் இடையன் எதனையும் இழக்கவில்லை. செம்மறிப் பால் நீங்கியபோதோ ஊரின் பெயர் நிலைத்திருக்க, இடையன் மறைந்துபோனான். 'சிலோவாக்கியப் பிரிந்த்சா' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் வழங்கிய பாதுகாப்பு இவ்வகையிற் பொருள் பொதிந்தது. அப்பெயரைத் தாங்கும் பாற்கட்டியிற் பாதிக்கு மேல் செம்மறிப் பாற்கட்டியாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதி காப்பது ஒரு சுவையை மட்டுமன்று. மலைமேல் மந்தை மேய்ப்போரின் உழைப்பையுமாம்.

மரபைக் கற்பிக்கும் ஆசிரியரும் அதனை ஆராயும் மாணவரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று. ஒரு மரபில் அயலிலிருந்து வந்தது எது என்று தேடிக் களைவதிற் பயனில்லை. அதனைப் பிறப்பித்த மக்களும் அவர்தம் தொழிலும் அதில் இன்னும் வாழ்கின்றனவா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை வெளியேற்றுவதே மரபுக்கு நேரும் உண்மையான கேடு.