பிராணவாயு தரும் மூலிகை உண்டா?

கொல்லிமலைக்கு மூலிகை மலை என்று பெயர். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு, மிளகு, தேன், பெயர் தெரியாத வேர்கள் எல்லாம் கடை பரப்பியிருக்கும். மூட்டு வலிக்கு இது, சளிக்கு அது என்று சொல்லி விற்பது காலங்காலமாக நடப்பதுதான். 2021-ல் கொரோனாவின் இரண்டாவது அலையின்போது ஆக்சிஜன் சிலிண்டருக்கு நாடே அலைந்ததே, அப்போது ஒரு புதுப் பேச்சும் கிளம்பியது. கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்றார்கள். இன்ன இலைச் சாறு குடித்தால் மூச்சுத் திணறலே வராது என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் முழுசாக ஓய்ந்தபாடில்லை. மூலிகையை நம்பிப் பிழைக்கிற மலை விவசாயிக்கு இதில் எது மெய், எது வியாபாரம் என்று தெரிந்திருப்பது அவசியம். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலும் இது உதவும்; வியாபாரி வாசலுக்கு வந்தாலும் உதவும்.

முதலில் மலைக் காற்றைப் பார்ப்போம். உயரே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் பங்கு மாறுவதில்லை. தரையிலும் 100-க்கு 21 பங்கு, மலையிலும் 21 பங்குதான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. கொல்லிமலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே சுமார் எட்டில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். நல்ல உடம்பு அதை உணர்வதே இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்குத் தலை சுற்றினால் அது வளைவின் வேலை! லடாக்கில் உள்ள லே நகரம் அப்படியல்ல. 3,500 மீட்டர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழக்கமில்லாதவர் விமானத்தில் போய்த் திடீரென்று இறங்கினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த உயரங்களில் நம் ராணுவ வீரர்கள் காவல் நிற்கிறார்கள். அதனால்தான் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடங்கள் இந்த மூலிகை விஷயத்தைப் பல வருடங்களாகத் துருவிப் பார்க்கின்றன. லடாக்கில் விளையும் சீபக்தார்ன் என்ற முட்செடியின் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, பிராணவாயு குறைந்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். சாறு கொடுத்த எலிகளின் உடம்பில் நீர்க் கசிவு குறைந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான செடி ஒன்று இருக்கிறது. ஆடாதோடைதான் அது. ஆடு தொடாது என்பதால் வேலியில் வைக்கிறோமே, அதே செடி. டில்லியில் மத்திய அரசின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. விஞ்ஞானிகள் இதன் சாற்றைச் சுண்டெலிகளில் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பிராணவாயு குறையும்போது உடம்பின் உயிரணுக்களில் ஒரு வகைப் புரதம் பெருகி அபாயச் சங்கு ஊதுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோயில் இந்தச் சங்கு அளவு மீறி ஊதினால் நுரையீரல் அழற்சியும் கூடுகிறது. ஆடாதோடைச் சாறு அந்தப் புரதத்தையும் அழற்சியையும் தணித்தது என்பதுதான் சுண்டெலிகளில் கண்ட முடிவு. நம் வேலிச் செடிக்கு இது சிறிய பெருமை அல்ல.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்குமா? இதே விஷயத்தில் வேறு இரண்டு மூலிகைகளை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். எவரெஸ்ட் மலைப் பாதையில் 4,200 மீட்டருக்கு மேலே ஏறிய 614 பேரை வைத்து ஜிங்கோ இலைச் சாற்றைச் சோதித்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. வெறும் மாவு மாத்திரை விழுங்கியவர்களைவிட ஜிங்கோ சாப்பிட்டவர்கள் ஒன்றும் நன்றாக இல்லை. அசிட்டசோலமைடு என்ற சாதாரண மாத்திரைதான் அவர்களைக் காப்பாற்றியது. திபெத்திலும் சீனாவிலும் மலைநோய்க்கென்று காலம் காலமாகப் புகழ்பெற்ற ரோடியோலா வேரை, தைவானில் 102 பேரிடம் சோதித்து 2013-ல் எழுதினார்கள். அதிலும் பலன் தெரியவில்லை. ஆகவே ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால், எலியிலா மனிதரிலா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆடாதோடை வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதன் வேலை வேறு. கோழையை இளக்கி மூச்சுப் பாதையைத் திறப்பதில் அது கெட்டி. டாக்டர்கள் சளிக்கு எழுதித் தரும் புரோம்ஹெக்சின் மருந்தே, இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துச் செய்ததுதான். 2020-ல் தமிழ்நாடு முழுக்க வழங்கிய கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடையும் ஒன்று. சளி இருமலுக்குப் பாட்டி கொடுத்த கஷாயத்தைத் தாராளமாகக் குடிக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் தொடக் கூடாது, கர்ப்பப்பையைச் சுருக்கும் குணம் வாசிசினுக்கு உண்டு. பாதை திறந்திருந்தும் நுரையீரல் கெட்டுப்போய் ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் போகிறதே, அந்த நிலையில் எந்தக் கஷாயமும் சிலிண்டருக்கு ஈடாகாது. பாழும் கிணற்றில் தூர் வார இறங்குகிறவருக்கும் இதே கதிதான். உள்ளே காற்றே இல்லாதபோது வயிற்றில் உள்ள சாறு என்ன செய்யும்? விளக்கை இறக்கிப் பார்த்து, அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் விஷவாயு இருக்கலாம் என்பதால் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆளும் வேண்டும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். ‘பிராணவாயு மூலிகை, ஏக்கருக்கு இத்தனை லட்சம்’ என்று யாராவது நாற்றும் ஒப்பந்தமும் தூக்கிக்கொண்டு வந்தால், 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகிற நிலத்தை அழித்து மூலிகை போட வேண்டாம் என்பது என் கருத்து. ஆடாதோடைக்குத் தனி நிலமே தேவையில்லை. முற்றிய தண்டை மூன்று நான்கு கணு இருக்குமாறு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் வேலி ஓரம் ஊன்றினால் போதும். உரமும் கேட்காது, காவலும் கேட்காது. இலையை நிழலில் உலர்த்திப் பூசணம் பிடிக்காமல் வைத்தால் நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுப்பார். எடுக்காவிட்டால் வயலுக்குத் தழை உரம். நொச்சி, வேம்போடு சேர்த்து ஊறவைத்தால் பூச்சி விரட்டும் கரைசல். விலை போகாவிட்டாலும் நஷ்டம் இல்லாத சரக்கு இது. முடவாட்டுக்கால் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி அது. மொத்தமாகச் சுரண்டி எடுத்தால் அந்தப் பாறை மொட்டைதான். வளரும் நுனியை விட்டுவிட்டு முதிர்ந்த பாகத்தை மட்டும் அறுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. மலையில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் வேறொரு வேர், மூன்றாம் நாள் வண்டி என்று காலம் கடத்துவது ஆபத்து. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் அத்தனை வளைவும் இறங்கியாக வேண்டும். போகலாமா வேண்டாமா என்பதை முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு காட்டும் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவியைப் பார்த்துத் தீர்மானிப்பது மேல். 94-க்குக் கீழே காட்டினால் தாமதிக்கக் கூடாது என்று கொரோனா காலத்தில் எல்லாரும் கேட்டிருப்போம். அந்தக் கருவியின் விலை ஒரு மூட்டை மிளகின் விலையில் சிறு பங்குகூட இல்லை. மலையில் 14 நாடுகள் இருக்கின்றன. நாட்டுக்கு ஒன்றாவது ஊராட்சிப் பணத்தில் வாங்கிப் பொதுவான ஒருவர் வீட்டில் வைக்க வேண்டும் என்று அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராம சபையில் கேட்கலாம். கேட்கிறவர்கள் மூலிகை விவசாயிகளாகவே இருந்தால் இன்னும் நல்லது.