சைக்கிள் கைப்பிடியும் தலைவிதியும்

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் இரத்தம் வந்தால் வீடே பதறுகின்றது. ஆனால் கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தி, ரூபாய்க் காசு அளவுக்குக் கன்றிய வட்டம் மாத்திரம் இருந்தால், "ஒன்றுமில்லை, போய் விளையாடு" என்று சொல்லிவிடுகின்றார்கள். மறுநாள் பிள்ளை வாந்தியெடுத்தால் பயந்த கோளாறு என்று மந்திரிக்கின்றார்கள், வேப்பிலை அடிக்கின்றார்கள், வயிற்றில் எண்ணெய் போட்டு உருவுகின்றார்கள். பிள்ளை செத்தால் தலைவிதியாம்! கொன்றது விதியா, உருவிய கையா, வீணாய்ப் போன அந்த ஒரு நாளா என்று நாம் கேட்கின்றோம்.

தோழர்களே! பிள்ளைகளின் வயிற்றுச் சதை மெல்லியது; விலா எலும்பும் வளையக் கூடியது. விழுகின்ற வேகம் முழுவதும் அந்தச் சிறு குழாய் முனையில் சேர்ந்து உள்ளே இறங்குகின்றது. கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்பின்மேல் நசுங்கலாம். கல்லீரலோ மண்ணீரலோ கிழியலாம். குடல் பொத்துப் போகலாம். இவை அப்பொழுதே தெரிவதில்லை. பல மணி நேரம், சில சமயம் சில நாட்கள் கழித்தே வலியும் வாந்தியும் காட்டும். ஆகவே வயிற்றில் குத்துப்பட்டு வலி நிற்காத பிள்ளையை, வாந்தியெடுக்கின்ற, முகம் வெளுத்த பிள்ளையை, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியதுதான். டாக்டர் பார்க்கும் வரை ஆகாரம் கொடுக்கலாகாது. "கீழே விழுந்தான்" என்று மொட்டையாகச் சொல்லாமல், "கைப்பிடி வயிற்றில் குத்தியது" என்று சொல்ல வேண்டும்.

"அங்கே போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்" என்பார்கள். ஒரு காலத்தில் அது பெரிதும் மெய்தான். மண்ணீரல் கிழிந்தால் அதை எடுத்துவிடுவதே வைத்தியர்களுக்கு வேதவாக்காயிருந்தது. மண்ணீரல் எடுக்கப்பட்ட சிசுக்கள் கடுந்தொற்றுக்கு ஆளாவதை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்னும் டாக்டர்கள் எடுத்துக்காட்டினார்கள். கத்தி வைக்காமலே பிள்ளைகள் பிழைத்ததை 1968-இல் கனடாவின் டொராண்டோ நகரத்திலிருந்து உபாத்யாயா, சிம்ஸன் என்பவர்கள் வெளியிட்டார்கள். இன்று நாடியும் இரத்த அழுத்தமும் நிலையாயிருந்தால், ஸ்கேன் பார்த்து, படுக்கவைத்துக் கண்காணிக்கின்றார்கள். கல்லீரல், மண்ணீரல் கிழிசல்களிற் பெரும்பாலானவை தாமே ஆறுகின்றன. குடல் பொத்திருந்தாலும் இரத்தம் நிற்காவிட்டாலும் கத்தி வேண்டும்; அதிலே தாட்சண்யமில்லை.

வைத்தியர்கள் தங்கள் வேதவாக்கைத் திருத்திக்கொண்டார்கள். மந்திரிக்கின்றவர் தம் மந்திரத்தை எந்த வருஷத்தில் திருத்தினார்?

ஆயுத பூஜையன்று அதே கைப்பிடிக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை எல்லாம் நடக்கின்றன. முனையின் ரப்பர் கழன்று இரும்புக் குழாய் வாயைப் பிளந்து நிற்பதை மாத்திரம் ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த ரப்பரின் விலை, பூசணிக்காயின் விலையைவிட அதிகமா?